மாமனாரோடு மலையேறிய நாள்

கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியும் என் மாமனாரும் நானும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். "வாங்க மாப்பிள்ள" என்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் தன் மகளிடம்தான் கேட்பார். மாப்பிள்ளைக்குக் காபியா டீயா என்று, நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே அவளிடம் விசாரிப்பார். நானும் பதிலை அவளிடமே சொல்வேன். அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். ஆரணியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு, கொல்லையில் சாய அடுப்பு. என் மனைவிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அம்மா இறந்துவிட்டார். அதிலிருந்து அப்பாவும் மகளும் மட்டும்தான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே என் அம்மா, பொறுப்பான பெண் என்று சொல்லிவிட்டாள். பொறுப்பு என்றால் என்ன என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் எப்போது சாப்பிடுகிறேன், எவ்வளவு நேரம் தறியை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறேன், எங்கே போய் பீடி பிடிக்கிறேன், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணமான மூன்றாம் மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியும் மோருமாக அவள் என்னை ஒரு மாதம் வைத்திருந்த கட்டுக்காவலை நினைத்தால் இப்போதும் எனக்கு மோர் இறங்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொங்கல் முடிந்தால் பத்து நாள் தறிகள் ஓய்வாக இருக்கும். எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் மூன்று முறை சைக்கிளிலேயே திருப்பதி போய் வந்த மனிதர். அந்த வருஷம் அவருக்கு பெங்களூர் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தினமும் நாம் கையில் தொடுகிற நூல் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எதிர் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். அவர்களும் நெசவுதான். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

வேலூர் வழியாகப் போனால் சமதளம். ஆனால் அந்த ரோட்டில் லாரி அதிகம் என்று சொல்லி, கடைக்காரர் பழைய மேப் ஒன்றை விரித்தார். போளூரிலிருந்து ஜவ்வாது மலையைக் குறுக்கே தாண்டினால் ஆலங்காயத்தில் இறங்கிவிடலாம் என்று விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். காகிதத்தில் அது சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. மலை எவ்வளவு உயரம் என்று அந்த மேப்பில் இல்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, சாப்பாடு போட்டுக்கொண்டே என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள், அப்பாவும் வருகிறாராம். ஐம்பத்துமூன்று வயது மனிதர். அவரை எப்படி மலை மேல் கூட்டிப் போவது என்றேன். உண்மையில் நான் கவலைப்பட்டது அவர் வயதைப் பற்றி இல்லை. ஒரு வாரம் மாமனார் முன்னால் பீடி பிடிக்க முடியாதே என்பதுதான் என் கவலை. வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? அவளும் சொல்ல மாட்டாள். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாமனாரோடு ஊர் சுற்றக் கிளம்பிய முதல் மாப்பிள்ளை நான்தான் என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு சின்னத் தைல டப்பாவைத் திணித்தாள்.

"மலைல குளுரு ஜாஸ்தி. அப்பாவுக்கு மூச்சு இழுக்கும். அவரு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீங்க வேகமாப் போறவங்களோட போயிடாதீங்க. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

சரி என்றேன். அவள் அப்படிச் சொல்லும்போது முகத்தைப் பார்த்து எரிச்சல்பட முடியவில்லை.

மறுநாள் சைக்கிள் கடைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தது அவர்தான். பழைய கனத்த சைக்கிளை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே முட்டி வரைக்கும் காக்கி டிராயர் போட்டிருந்தார். என் மாமனாரின் முழங்காலை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் என் சைக்கிள் பெல்லை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன்.

அன்று போளூர் வரைக்கும் சுலபமாகவே போனோம். கடைக்காரருக்கு அங்கே மைத்துனர் வீடு இருந்தது. அங்கே தங்கி, மறுநாள் விடியற்காலையில் மலையைப் பார்த்துக் கிளம்பினோம். மலை நாள் என்று நான் சொல்வது அந்த நாளைத்தான்.

அத்திமூரைத் தாண்டியதும் ரோடு மேலே திரும்பியது. அப்போது அந்த ரோடு இப்போது மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் தார் இருக்கும், பிறகு வெறும் ஜல்லி, பிறகு மழையில் அரித்துப் போன செம்மண். முதல் இரண்டு வளைவு வரைக்கும் எழுந்து நின்று மிதித்தோம். மூன்றாவதில் எல்லோரும் இறங்கிவிட்டோம். கியர் இல்லாத சைக்கிள், பின்னால் ஜமுக்காளம், துணி, சாப்பாட்டுத் தூக்கு. தள்ளுவது மிதிப்பதைவிடக் கஷ்டம் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு அண்ணன் தம்பி வாலிபப் பிள்ளைகள். கடைக்காரருக்குத் தான் போட்ட திட்டம் தோற்றுவிடக் கூடாது. அவர்கள் மூன்று பேரும் வேகம் பிடித்தார்கள். மேலே ஜமுனாமரத்தூர் டீக்கடையில் காத்திருப்போம் என்று கத்திவிட்டு வளைவில் மறைந்தார்கள்.

எனக்கும் அவர்களோடு போக முடியும் என்றுதான் தோன்றியது. ஆனால் சட்டைப் பையில் தைல டப்பா இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமனார் இருபதடி பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நின்றேன். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே, குனிந்து செயினைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். "செயின் லூசா மாப்பிள்ள?" என்றார். ஆமாம் என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வளைவு போனதும் அவரே நின்றார். செருப்பில் கல் என்றார். கல்லை வெகுநேரம் தேடினார். நான் காத்திருந்தேன். அடுத்ததாக நான் கொஞ்சம் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று புதர்ப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் அவர் அடுத்த வளைவுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதற்கப்புறம் அவர் மூட்டையின் கயிறு அவிழ்ந்தது, எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது, அவர் ஏதோ ஒரு மரத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்படியே அரை மணி நேரத்தில் போக வேண்டிய தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த வயதில் இவர் எதற்கு வந்தார் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். ஆனால் அவர் கெண்டைக்காலைப் பார்த்தால் சலிப்பு வந்த இடத்தில் ஒரு சந்தேகமும் வந்தது. அது பயணத்துக்குப் புதிதான கால் மாதிரி இல்லை. முறுக்கேறி இருந்தது.

பாதி மலையில் காலைப் பஸ் பின்னால் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டு நாங்கள் பாறையோடு ஒட்டி நின்றோம். பஸ் எங்கள் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, சைக்கிளை மேலே போட்டுவிடலாம், ஏறிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மாமாவைக் கேளுங்கள் என்றேன் நான். மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்றார் அவர். கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் ஏறட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவரை ஏற்றிவிட்டு நான் மட்டும் தள்ளிக்கொண்டு வந்தால் அவருக்கு அவமானமாக இருக்கும். இரண்டு பேரும் ஏறினால் மேலே மூன்று பேர் சிரிப்பார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. பஸ் புகையை எங்கள் மேல் ஊதிவிட்டுப் போனது.

அந்தப் புகைதான் காரணமா, மேலே ஏற ஏற வந்த பனிக்காற்றுதான் காரணமா தெரியவில்லை, அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு ஓடைக்குமேல் சின்னப் பாலம், அதன் கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. முகம் கருத்துப் போனது. நான் இரண்டு சைக்கிளையும் பாலத்தில் சாய்த்துவிட்டு, யோசிக்காமல் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். பிறகு கொஞ்சம் எடுத்து அவர் முதுகில் தேய்த்தேன். அவரைத் தொட்டதும் அன்றுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. அவர் டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த யாரு குடுத்தது?"

சொல்லக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள்தான் கொடுத்தாள், உங்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள் என்றேன்.

அவர் டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்து போய்த் தன் மூட்டையை அவிழ்த்தார். ஜமுக்காளத்துக்குள் கையை விட்டு ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை வெளியே எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் கட்டையின் மேல் வைத்தார்.

"இத்த எங்கிட்ட குடுத்தா. மஞ்சக் காமாலைக்கு அப்புறம் உங்களுக்குத் தெம்பு பத்தலையாம். மயக்கம் வந்தாலும் சொல்ல மாட்டீங்களாம். மலைல தனியா வுட்டுட்டுப் போயிடாதப்பான்னு சொல்லி அனுப்பிச்சா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் காலையிலிருந்து நடந்தது ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அவர் செருப்பில் கல் இல்லை. அவர் மூட்டையின் கயிறு அவிழவே இல்லை. நான் களைத்துப் போய்விட்டேன் என்று நினைத்து அவர் நின்றிருக்கிறார், அவர் களைத்துப் போய்விட்டார் என்று நினைத்து நான் நின்றிருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே பாதி மலைக்கே ஒரு காலைப் பொழுதைக் கொடுத்திருக்கிறோம். நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, மறுபடியும் நான் முதுகில் தேய்க்க வேண்டியதாயிற்று.

நான் ஒதுங்கப் போனபோது எதற்காக அடுத்த வளைவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார் என்று கேட்டேன். "நீங்க பீடி புடிக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பீடி விஷயம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வேண்டுமானால் இப்போதும் பிடியுங்கள், நான் அந்தாண்டை போய் நிற்கிறேன் என்று எழுந்தார். வேண்டாம் மாமா, உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து இரண்டு பேரும் குடித்தோம். அப்போது அவர் தானாகவே பேசினார். ஒன்பது வயதிலிருந்து அந்தப் பெண் தன்னை மேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். உலை கொதிக்கிறதா என்று பார்க்க முக்காலி போட்டு ஏறி நிற்பாளாம். சாய அடுப்பின் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று வாசலில் கொண்டுபோய் உட்கார வைப்பாளாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் என்னை என்ன பாடுபடுத்துகிறாளோ அதெல்லாம் அங்கே பழகியது என்று தெரிந்தது.

கடைசியாக, என்னைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ உங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து சாயங்காலம் ஆனா வீட்ல ஒக்கார முடியல மாப்பிள்ள. வெளக்கு வைக்கிற நேரத்துல சைக்கிள எடுத்துகினு கெளம்பிடுவேன். சில நாளு கண்ணமங்கலம் வரைக்கும் போயிட்டு, சும்மா ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவேன். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியாது. நீங்கல்லாம் போறீங்கன்னு கேட்டதும், சரி, நாலு பேரோட போவோம்னு தோணிச்சி."

அவள் வந்த பிறகு எங்கள் வீடு எவ்வளவு கலகலப்பாகிவிட்டது என்று என் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கேட்கத் தொடங்கிய சத்தம் இன்னொரு வீட்டில் நின்று போயிருக்கும் என்று ஏழு மாதத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தெருதான். நடந்து போனால் ஐந்து நிமிஷம். போகலாம் மாமா என்று மட்டும் சொல்லி சைக்கிளை எடுத்தேன்.

அதற்குப் பிறகு மலை அவ்வளவு நீளமாக இல்லை. ஒருவருக்காக ஒருவர் நடிக்க வேண்டியதில்லை என்றானதும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே போனோம். வெயில் ஏறியதும் பனி விலகியது. மேலே சாமை அறுத்த மேடுகளும் பலா மரங்களும் தெரிய ஆரம்பித்தன. ஜமுனாமரத்தூர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற மூன்று பேரும் சாப்பிட்டு, பெஞ்சில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தார்கள். மாமனும் மருமகனும் நடுவழியில் விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். நாங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீக்கடை அம்மா சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அங்கிருந்து ஆலங்காயம் பக்கம் இறக்கம். மேடு பள்ளமாகக் கொஞ்ச தூரம் போய், பிறகு ஒரே இறக்கமாக இறங்கும் என்று சொன்னார்கள். நாங்கள் கிளம்பும்போது, மலைக்காரர் ஒருவர் சைக்கிளில் இரண்டு புளி மூட்டையை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் புறப்பட்டார். அவர் சைக்கிளின் பின்னால் தழையோடு ஒரு பெரிய மரக்கிளையைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுபட விட்டிருந்தார். என் மாமனார் அவரை நிறுத்தி எதற்கு என்று விசாரித்தார். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, கிளை தரையைப் பிடித்து இழுத்தால் வண்டி தறிகெட்டு ஓடாது என்றாராம் அவர்.

எங்கள் கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. கிளம்புவதற்கு முன்பு ஐந்து சைக்கிளுக்கும் அவரே புது பிரேக் கட்டை போட்டிருந்தார். என் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். மாமனார் வாதம் பண்ணவில்லை. ஒரு கிளையை முறித்து வந்து தன் கேரியரில் கட்டினார். இன்னொரு கிளையைக் கொண்டு வந்து என் சைக்கிளின் பக்கத்தில் வைத்தார். கட்டுங்கள் என்று சொல்லவில்லை, வைத்ததோடு சரி. நானும் கட்டினேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாழை மரம் கட்டியது மாதிரி இருக்கிறது என்றார்கள். கிளை சரசரவென்று இழுபட்டுப் புழுதியைக் கிளப்பியது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு மேட்டில் எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றோம். அங்கே நான் சத்தமில்லாமல் கயிற்றை அவிழ்த்துக் கிளையை ஓரத்தில் தள்ளிவிட்டேன். மாமனார் பார்த்தார். காலையில் அவ்வளவு பேசியும் எனக்கு இருபத்துநாலு வயதுதானே. அந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இறக்கம் தொடங்கியது. மூன்று பேரும் முன்னால் பறந்தார்கள். நான் நடுவில். மாமனார் கிளையை இழுத்துக்கொண்டு பின்னால். காற்று முகத்தில் அடித்தது. காலை முழுக்கத் தள்ளின உடம்புக்கு அது சொர்க்கமாக இருந்தது. இரண்டு வளைவு தாண்டி மூன்றாவதற்கு முன்னால் முன்பிரேக்கைப் பிடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பிரேக் கட்டை கழன்று எங்கோ தெறித்தது. பின்பிரேக் பிடித்த மாதிரியும் இருந்தது, பிடிக்காத மாதிரியும் இருந்தது. வலது பக்கம் பள்ளம். கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. கால் இரண்டையும் தரையில் தேய்த்தேன். செருப்பு ஒன்று போயிற்று. எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

மாமனார் அப்போது எனக்கு நேர் மேலே, முந்தைய வளைவில் வந்துகொண்டிருந்தார். ரோடு மடிந்து மடிந்து இறங்குவதால் அங்கிருந்து பார்த்தால் நான் தெரிவேன். மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"டேய்! சைக்கிள வுட்றா! மலப்பக்கம் சாயிடா!"

யாரைச் சொல்கிறார் என்று யோசிக்கக்கூட இல்லை. இடது பக்கம் அப்படியே சாய்ந்தேன். சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்து ரோட்டோர வாய்க்காலில் உருண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் என் தலையை மடியில் வைத்திருந்தார். ரோட்டைச் சுற்றி வந்தால் நேரமாகும் என்று மேல் வளைவிலிருந்து சரிவிலேயே புதர்களுக்குள் இறங்கி வந்திருந்தார். என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. ரத்தம் எங்கே வருகிறது மாமா என்று கேட்டேன். அவர் தன் கையைப் பார்த்தார். "இது அரக்குச் சாயம் மாப்பிள்ள. பொங்கலுக்கு முந்திப் போட்டது, இன்னும் போவல" என்றார்.

எனக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, முழங்கையில் தோல் போயிருந்தது. அவ்வளவுதான். அவருக்குத்தான் இரண்டு முட்டியும் முள்ளில் கிழிந்து நிஜமான ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்ததும் அவர் முகம் மாறியது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

"நீங்க வாங்க மாப்பிள்ள, சாயுங்க மாப்பிள்ளன்னு மரியாதையாச் சொல்லியிருந்தா நான் இந்நேரம் அந்தப் பள்ளத்துல கெடப்பேன் மாமா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தலைமுடியிலிருந்து உண்ணிச்செடியின் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்தார், பிரேக் கட்டை இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரே போய் நாலு கிளை முறித்துக்கொண்டு வந்து எல்லா வண்டியிலும் கட்டினார். அண்ணன் மேல் வளைவுக்குப் போய் மாமனாரின் சைக்கிளை எடுத்து வந்தான். செங்குத்தான இடம் முழுக்க நடந்தே இறங்கினோம். என் சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்திருந்ததால் அதைத் தம்பி தன் சைக்கிளோடு சேர்த்து இரண்டு கையிலும் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தான்.

சமதளம் வந்ததும் மாமனார் என்னைத் தன் கேரியரில் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கட்டிவைத்த கையோடு நான் பின்னால், முட்டியில் துணி சுற்றிக்கொண்டு அவர் முன்னால். மாலை வெயிலில் ஆலங்காயத்துக்குள் நுழைந்தபோது வாசலில் நின்றவர்கள் எங்களை உற்றுப் பார்த்தார்கள். வாலிபப் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்க வயசான மனிதர் மிதிக்கிறாரே என்று நினைத்திருப்பார்கள். அவர் முதுகில் தைல வாசனை அடித்தது. வழியெல்லாம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், கால் எங்கேயாவது இடிக்கிறதா என்று.

அங்கே ஒரு கம்பவுண்டர் என் கையைப் பார்த்துவிட்டு எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார். ஆனால் இந்தக் கையோடு ஹேண்டில்பார் பிடிக்க முடியாது. மற்ற மூன்று பேரும் பெங்களூர் போய்விட்டு வரட்டும், நாங்கள் இருவரும் திரும்பிவிடுகிறோம் என்று முடிவாயிற்று. அவரையும் போகச் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் வாணியம்பாடி போய், வேலூர் பஸ்ஸின் மேல் இரண்டு சைக்கிளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். வேலூர் வருவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நல்ல கைப்பக்கம்தான் சாய்ந்திருந்தார்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் என் மனைவி அலறவில்லை. என் கையைப் பார்த்தாள், அவர் முட்டியைப் பார்த்தாள். இரண்டு பேரையும் உள்ளே உட்கார வைத்து வெந்நீர் போட்டாள். வெந்நீர் கொதிக்கும் வரைக்கும் அவள் பேசவில்லை என்பதே எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது. பிறகுதான் ஆரம்பித்தாள்.

"உங்களை அவருகிட்ட ஒப்படைச்சேன். அவரை உங்ககிட்ட ஒப்படைச்சேன். ரெண்டு பேரும் சேந்து இன்னா பண்ணீங்க?"

மாமனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே கிளையைப் பற்றிச் சொல்லவில்லை. பிரேக் பழுது என்று மட்டும் சொன்னோம். அவள் நம்பினாளா என்று தெரியாது. அவர் முட்டியில் மருந்து வைக்கும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் என்னால் தறியில் உட்கார முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். முதலில் வாசலோடு நின்று கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போனார். கை சரியான பிறகும் வந்தார். இங்கேயே இருந்துவிடுங்கள் மாமா என்று நான் கேட்டபோது முடியவே முடியாது என்றார். பெண் கொடுத்த வீட்டில் போய் உட்காருவதா என்று அவருக்குப் பெரிய கூச்சம். நான் ஆறு மாதம் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் என் அம்மாவே ஒரு நாள் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போய், சம்பந்தி, நீங்கள் வந்தால் எங்களுக்கும் ஒரு துணை என்று சொன்னாள். அம்மா நேரில் போய்க் கேட்டதை அவரால் தட்ட முடியவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். படுக்கையும் டிரங்குப் பெட்டியும் சைக்கிள் கேரியரில் இருந்தன. பின்னால் ஒரு கைவண்டியில் சாயப் பாத்திரங்கள் வந்தன. கொல்லையில் கிணற்றுப் பக்கம் வைப்பதா, புளியமரத்தடியில் வைப்பதா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் தொடங்கியது. கிணற்றுப் பக்கம் வைத்தால் தண்ணீர் சுலபம் என்றார் அவர். புகை நேராக வீட்டுக்குள் வரும் என்றாள் அவள். நானும் அம்மாவும் நடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பாத்திரங்கள் அன்று சாயங்காலம் வரைக்கும் வண்டியிலேயே இருந்தன.